வாட்ச் கட்டியவர் வந்த வாரம்

திங்கட்கிழமை காலை ஆறு முப்பத்தைந்துக்கு அன்புக்கரசி தன் மகளைச் சைக்கிள் கேரியரில் உட்காரவைத்துப் பால்வாடிக்கு வந்து சேர்ந்தபோது, வாசல் பாதாம் மரத்தடியில் புதிதாக ஒருவர் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். முப்பது வயது இருக்கும். கட்டம் போட்ட சட்டை. மடியில் கிளிப் வைத்த அட்டை, அதில் கோடு போட்ட தாள். இடது மணிக்கட்டில் பப்பாளிக்காயை வட்டமாக நறுக்கியது மாதிரி ஒரு பெரிய வாட்ச். அன்புக்கரசி சைக்கிளை நிறுத்தினாள். அவர் வாட்சைப் பார்த்தார், எழுதினார். அவள் பிள்ளையை இறக்கி உள்ளே விட்டாள். அவர் வாட்சைப் பார்த்தார், எழுதினார். அவள் வெளியே வந்து சைக்கிள் ஸ்டாண்டைத் தள்ளினாள். அதற்கும் பார்த்தார், அதற்கும் எழுதினார்.

அன்புக்கரசி சைக்கிளில் ஏறாமல் அந்த வாட்சையே ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள்.

நெய்வேலியில் வாட்சைப் பார்த்து எழுதுகிற ஆள் வருவது ஒரே ஒரு காரியத்துக்குத்தான். அதற்கு வொர்க் ஸ்டடி என்று பெயர். ஒரு வேலைக்கு எத்தனை ஆள் வேண்டும், ஓர் ஆளுக்கு எத்தனை நிமிஷம் வேண்டும் என்று கணக்கெடுக்க வருவார்கள். வந்தவர் யாரையும் ஒரு வார்த்தை அதட்டமாட்டார். டீ கொடுத்தால் குடிப்பார், நன்றி சொல்லிவிட்டுப் போவார். அடுத்த மாதம், பதினெட்டுப் பேர் பார்த்த வேலைக்குப் பதினொரு பேர் போதும் என்று காகிதம் வரும். அதனால் பெர்மனென்ட் ஆனாலும் காண்ட்ராக்ட் ஆனாலும், சுரங்கமானாலும் கேன்டீன் ஆனாலும் எல்லாருக்கும் தெரிந்த சட்டம் ஒன்று உண்டு. வாட்ச் கட்டியவர் நிற்கிறவரை கை வேகமாக நடக்கக் கூடாது.

அன்புக்கரசியே இதைக் கண்ணால் கண்டவள். அவள் காய் அரிகிற கேன்டீனில் இரண்டு வருஷத்துக்கு முன் இப்படி ஒருவர் வந்து நின்றார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெண், நல்ல பெயர் எடுக்கிற ஆசையில், ஒரு கூடை வெங்காயத்தைப் பதினேழு நிமிஷத்தில் அரிந்து தள்ளிவிட்டாள். அடுத்த மாதம் வெங்காயத்துக்கு ஆறு பேராக இருந்தவர்கள் நாலு பேர் ஆனார்கள். வீட்டுக்குப் போன இரண்டு பேரில் அவளும் ஒருத்தி.

இப்போது பால்வாடிக்கு வாட்ச் வந்திருக்கிறது. அன்புக்கரசிக்குப் பால்வாடி என்பது வெறும் பால்வாடி அல்ல, அதுதான் அவளுடைய வேலை. காலியாகக் கிடந்த பழைய குவார்ட்டர்ஸ் ஒன்றில் அரசாங்கப் பணத்தில் நடக்கிற இடம் அது. பிள்ளைகள் இருபத்திரண்டு பேர், சந்திரா டீச்சர், சோறாக்கிப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயா கலியம்மாள். போன டிசம்பர் வரைக்கும் காலை ஒன்பதுக்குத் திறந்து மூன்றுக்கு மூடினார்கள். அந்த நேரத்துக்குள் அடங்கி அன்புக்கரசி ஒன்பதரையிலிருந்து இரண்டரை வரை காய் அரிந்தாள். கேன்டீனில் அவளுக்கு 'அரை ஆள்' என்று பெயர். ஜனவரியில், வேலைக்குப் போகும் தாய்மார்களுக்காக ஆறு மாதம் பரீட்சார்த்தமாக, காலை ஆறரை முதல் மாலை ஐந்தரை வரை என்று ஆர்டர் வந்தது. அன்றிலிருந்து அவள் ஏழு முதல் நாலரை வரை முழு ஆள். முழு ஆளாக ஆறு மாதம் ஓட்டிவிட்டால் போட்டோ ஒட்டிய கேட் பாஸ் கிடைக்கும். கேட் பாஸ் கையில் இருந்தால் 'நாளைக்கு வராதே' என்று யாரும் வாயால் சொல்லி அனுப்பிவிட முடியாது. கேன்டீன் சூப்பர்வைசர் தனகோட்டி அந்தப் பட்டியலை வருகிற வெள்ளிக்கிழமை காலை அனுப்பப் போகிறார்.

பால்வாடி மறுபடி மூன்று மணிக்கு மூடினால் அவள் மறுபடி அரை ஆள். அரை ஆளுக்கு முழுப் பாஸ் கிடையாது.

அன்று மத்தியானம் மூன்று மணிக்கு, காலை ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வந்த இனியன், மனைவி சாயங்காலம் திரும்பியதும் விஷயத்தைக் கேட்டான். அவனுக்குச் சுரங்கத்தில் கரியைச் சுமந்து ஓடுகிற பெல்ட்டுக்கு அடியில் சிந்துவதை அள்ளுகிற காண்ட்ராக்ட் வேலை. கேட்டு முடித்ததும் சம்மணம் போட்டு நிமிர்ந்து உட்கார்ந்தான். வாழ்க்கையில் தனக்கு நன்றாகத் தெரிந்த ஒரே பாடத்திலிருந்து கேள்வி வந்துவிட்டவனின் முகம் அது.

"வாட்ச்சு இருந்துச்சா?"

"இருந்துச்சி."

"அட்டை?"

"இருந்துச்சி. நான் சைக்கிளு ஸ்டாண்ட தள்ளனத கூட எயுதிக்கினாரு."

"அப்ப அதான். டீச்சரு என்னா சொன்னாங்க?"

"பெத்தவங்களோட வேலை நேரத்த பத்தி ஆய்வு, மெட்ராஸ்லேருந்து ஆள் வருதுன்னு போன வாரமே கடுதாசி வந்துச்சாம்."

"வேலை நேரம். ஆய்வு. வேற என்னா வேணும் உனக்கு?" இனியன் தொடையில் தட்டிக்கொண்டான். "எங்க பெல்ட்டுக்கு வந்தான் பாரு ஒருத்தன், மூணு நாளு. ஒரு சட்டி கரி அள்ளி மேல போட நாங்க எடுத்துக்கினது நாலு நிமிசம். மண்வெட்டிய கீழ வெச்சி, இடுப்ப புடிச்சிக்கினு, எருமாட்டுக்கு வெய்யில் பட்டாப்புல நின்னோம். பக்கத்து பெல்ட்டுல நின்னவனுங்க வீரத்த காட்டினானுங்க. இன்னைக்கி எங்க பதினெட்டு பேரும் இருக்கறோம். அவனுங்க எங்க?"

"அது கரி. இது புள்ள. புள்ளய வுடறதுல என்னாத்த மெதுவா வுடறது?"

"எல்லாத்துக்கும் ஒண்ணுதான் கணக்கு. நீ பாட்டுக்கு புள்ளய ஒரு நிமிசத்துல தூக்கிப் போட்டுட்டு ஓடினா, இவளுக்கு என்னா கொற, நேரம் மிச்சம் கெடக்குதுன்னு எயுதுவான். மூணு மணிக்கு மூடிடுவான். நமக்கு நேரமே பத்தலன்னு காட்டணும். கேள்வி கேட்டான்னா, முன்ன எப்புடி இருந்தமோ அப்புடியேதான் இருக்கறோம், கஷ்டம் தீரலன்னு சொல்லணும். எதையும் கூட்டி ஒத்துக்கக் கூடாது. ஒத்துக்கினா போச்சி."

சொல்லும்போது அது சரியாகத்தான் இருந்தது. அன்புக்கரசி அந்த வெங்காயக் கூடையை நினைத்துக்கொண்டாள். இருட்டுவதற்குள் அவளும் இனியனும் நான்கைந்து வீடு போய்ச் சொல்லிவிட்டார்கள். அந்த நான்கைந்து வீட்டுக்காரர்கள் மீதி வீடுகளுக்குச் சொல்லிவிட்டார்கள். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. வாட்ச் என்றதுமே புரிந்துகொண்டார்கள்.

செவ்வாய்க்கிழமை காலை பால்வாடி வாசலைப் பார்த்திருந்தால், ஊர் முழுக்க ஒரே நாளில் முழங்கால் வாதம் வந்துவிட்டது என்றுதான் யாரும் நினைத்திருப்பார்கள். குவார்ட்டர்ஸ் வீடுகளில் பாத்திரம் தேய்க்கப் போகிற பிரபாவதி, தெருமுனையிலிருந்தே ஒரு கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு வந்தாள். தெரு கூட்டுகிற இசக்கியம்மாள் தன் மகனின் செருப்பைக் கழற்றி, தட்டி, உள்ளே எட்டிப் பார்த்து, மறுபடி மாட்டி, மறுபடி கழற்றினாள். அன்புக்கரசி சைக்கிளை மரத்தில் சாய்த்துவிட்டு, நொண்டிக்கொண்டே அதைச் சுற்றி வந்து, மகளை இறக்குவதற்கு முன் மூன்று முறை பெருமூச்சு விட்டாள்.

அவள் மகளுக்கு வயது மூன்றரை, பெயர் வீரம்மாள். மாமியாரின் பெயரை வைத்தார்கள். பெயரோடு குணமும் சேர்ந்து வந்துவிட்டது. அவள் கேரியரில் உட்கார்ந்தபடியே அம்மாவை மேலும் கீழும் பார்த்தாள்.

"நேத்து ஓடின. இன்னைக்கி ஏன் நொண்டற?"

"சும்மா இரு."

"கால்ல முள்ளா?"

"வாய மூடு பாப்பா."

"நானே எறங்கிக்கறன். வுடு. ஆயா கஞ்சி ஊத்திடும்."

அன்புக்கரசி அவளை விடவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு, வாசலிலிருந்து கதவுவரைக்கும் உள்ள பன்னிரண்டு அடியைக் கோயில் பிரகாரம் சுற்றுகிறவள் மாதிரி கடந்தாள். வீரம்மாள் முன்னால் இழுத்தாள், தாய் பின்னால் இழுத்தாள். பாதாம் மரத்தடிக்காரர் வாட்சைப் பார்த்தார், எழுதினார், நெற்றியைச் சுருக்கினார், பிறகு வாட்சைக் காதில் வைத்து அது ஓடுகிறதா என்று கேட்டார்.

அன்று அன்புக்கரசி கேன்டீன் கேட்டுக்குப் போனபோது மணி ஏழு இருபத்திரண்டு. ஏழு மணிச் சங்கு ஊதி வெகு நேரம் ஆகியிருந்தது. கேட்டில் உட்காரும் தங்கராசு, கயிற்றால் மேஜையோடு கட்டிப்போட்ட ரிஜிஸ்டரில் நேரத்தைக் குறித்துவிட்டு, "என்னாம்மா, ஆறு மாசத்துல மொதல் தடவையா," என்றார். சாயங்காலம் இனியனிடம் சொன்னாள். "நாலு நாளு பொறு," என்றான் அவன். "பதினெட்டு பேர காப்பாத்தின டெக்னிக்கு அது."

புதன்கிழமை மாலை கேள்வி கேட்கிற படலம் ஆரம்பித்தது. அவர் பெயர் அசோக்குமார், கோயம்புத்தூர்ப் பக்கம், மெட்ராஸில் வேலை. நல்ல மனிதராகத்தான் இருந்தார். வீரம்மாள் அவருடைய பேனாவைப் பிடுங்கிக்கொண்டு போனபோதுகூட, "அது எழுதாதுங்க பாப்பா, இதை வெச்சுக்குங்க," என்று நன்றாக எழுதுகிற பேனாவைக் கொடுத்தார். அன்புக்கரசிக்கு அதுவும் சந்தேகமாகத்தான் பட்டது. வொர்க் ஸ்டடிக்காரர்கள் எல்லாருமே நல்ல மனிதர்கள்.

"அக்கா, நேரம் நீட்டறதுக்கு முன்னாடி ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் வேலைக்குப் போனீங்க?"

"அஞ்சு மணி."

"இப்பங்க?"

"அதேதாங்க. மாத்தமே இல்ல."

"காலைல ஆறே முக்காலுக்குப் போறீங்க, சாயங்காலம் அஞ்சு மணிக்கு வர்றீங்க. நடுவுல?"

"நடந்து போவணும் இல்லீங்க."

"சைக்கிள்ல போறீங்களே."

"மெதுவா போவேங்க."

அசோக்குமார் 'கூடிய நேரம்' என்ற கட்டத்தில் ஒரு சைபரை எழுதினார். அழகான வட்டமாக எழுதினார். அவளுக்கு அதைப் பார்க்க என்னவோபோல் இருந்தது.

அடுத்தது தகப்பன்மார்கள். இனியன் தலைவாரி, சட்டையை உள்ளே விட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தான். இவ்வளவு வருஷ அனுபவத்தில், வாட்ச் கட்டிய ஒருவர் அவனை உட்காரவைத்துப் பேசுவது இதுதான் முதல் தடவை.

"அண்ணா, ஷிப்ட் எத்தனை மணி நேரங்க?"

"எட்டு. போவ வர ரெண்டரை."

"வீட்டுல குழந்தையைப் பார்த்துக்கிறது?"

வேலையைக் குறைத்துச் சொல்லும் வழக்கம் இனியனுக்கு இல்லை. "எட்டு மணி."

அன்புக்கரசி திரும்பி அவனைப் பார்த்தாள். அவன் பார்க்கவில்லை.

"வீட்டு வேலைங்க? தண்ணி பிடிக்கிறது, கடைக்குப் போறது?"

"மூணு."

"தூக்கம்?"

"ஏழரை. ஒடம்பு கேக்குமில்ல?"

அசோக்குமார் கூட்டினார். மறுபடி கீழிருந்து மேலே கூட்டினார். "ஒரு நாளைக்கு இருபத்தொன்பது மணி நேரம் வருதுங்க அண்ணா."

இனியன் அசரவில்லை. "ஓவர்டைம் சேத்துங்க," என்றான்.

வியாழக்கிழமை மூன்றாவது நாளாக நேரம் கடந்தது. ரிஜிஸ்டரில் ஏழு முப்பத்தொன்று. தனகோட்டி கேட்டிலேயே நின்றுகொண்டிருந்தார். கோபப்படுகிற மனிதர் அல்ல அவர். கோபப்பட்டிருந்தால்கூட அன்புக்கரசிக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"இந்தாம்மா, நாளைக்கி காலைல லிஸ்ட்டு அனுப்பறேன். முழு ஷிப்ட்டு உன்னால முடியலன்னா சொல்லிடு. வேற ஆளு கேட்டுக்கினு இருக்கு. நாளைக்கும் ஏழேகாலு தாண்டி வந்தன்னா உம் பேர எடுத்துட்டுதான் அனுப்புவேன். அரை ஆளா வா, ஒண்ணும் பிரச்சனை இல்ல."

அன்று முழுக்க அவள் அரிந்த கத்தரிக்காய் ஒன்றாவது ஒழுங்கான அளவில் இல்லை.

மாலையில் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்து அடுப்பைப் பற்றவைத்த நேரம், வாசலில் ஸ்கூட்டி சத்தம். சந்திரா டீச்சர். வீட்டுக்காரரின் வேலைக்காகக் கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்து பதினைந்து வருஷமானாலும், கோபம் வந்தால் டீச்சருக்குச் சொந்த ஊர்ப் பேச்சு வந்துவிடும். அன்று இறங்கும்போதே வந்துவிட்டது.

"ஏட்டி அன்பு, ஒங்களுக்கெல்லாம் கிறுக்கா பிடிச்சிருக்கு?"

அன்புக்கரசி கரண்டியோடு வெளியே வந்தாள். கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்த இனியன் எழுந்து உட்கார்ந்தான்.

"அந்தத் தம்பிக்கு மோர் கொடுக்கப் போனேன். தாளை வச்சிக்கிட்டு அழாத கொறையா இருக்கான். பதினாலு தாய்மாருகிட்ட கேட்டிருக்கான். பதினாலு பேரும் சைபர். இவ்வளவு நேரம் தொறந்து வச்சும் ஒரு பொம்பளைக்குக்கூட ஒரு மணி நேரம் வேலை கூடல, அப்புறம் எதுக்கு ஆறரைக்குத் தொறக்கணும்னு மேல கேப்பாங்களாம். மூணு மணிக்கு மூடிரலாம்னு எழுதறதத் தவிர எனக்கு வழியில்லைங்கான். வேலை நேரம் கூடியிருந்தாத்தான் நம்ம பால்வாடி நிக்கும். கூடலேன்னு சொல்லிச் சொல்லி நீங்களே மூடுதீங்க."

அன்புக்கரசி கரண்டியோடு டீச்சர் பக்கத்தில் வந்தாள். "அப்ப அது வொர்க் ஸ்டடி இல்லீங்களா, டீச்சர்?"

"என்ன ஸ்டடி?"

சொன்னார்கள். டீச்சர் கேட்டுக்கொண்டே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். "அதான் நொண்டினீங்களா எல்லாரும். அந்தப் பையன் தனியா ஒரு குறிப்பு எழுதி வச்சிருக்கான். இந்த ஊர்த் தாய்மாரு ரொம்பச் சோர்வா இருக்காங்க, ரத்தசோகையா இருக்கும், இரும்புச்சத்து மாத்திரைக்குச் சிபாரிசு பண்ணட்டுமான்னு எங்கிட்ட கேக்கான்."

"டீச்சர்," என்று இனியன் தொண்டையைக் கனைத்தான். "அப்புடித்தான் சொல்லுவானுங்க. வாயப் புடுங்கறதுக்கு அது ஒரு டெக்னிக்கு. நீங்க பெல்ட்டுல நின்னதில்ல, உங்களுக்குத் தெரியாது."

அன்புக்கரசி அவன் பக்கம் திரும்பினாள். சத்தம் போடவில்லை.

"உன் பெல்ட்டுல பதினெட்டு பேரு இருக்கானுங்க. ஒருத்தன் மெதுவா அள்ளினா இன்னொருத்தன் அள்ளுவான். என் கேட்டுல நான் ஒருத்திதான். மூணு நாளா லேட்டு. உன் டெக்னிக்குல நாளைக்கி என் பேரு போவுது. எட்டு மணி நேரம் புள்ளய பாக்கறன்னு சொன்னியே, இப்ப பாத்துக்கினு இரு. அடுப்புல கொயம்பு இருக்கு, அதையும் பாரு."

கரண்டியை அவன் கையில் கொடுத்துவிட்டு டீச்சரின் ஸ்கூட்டியில் ஏறி உட்கார்ந்தாள். வீடு வீடாக மறுபடி போனார்கள். திங்கட்கிழமை சொன்னதை வியாழக்கிழமை மாற்றிச் சொல்வது லேசான காரியமாக இல்லை. இசக்கியம்மாள், "இனிமே ஓடணுமா நடக்கணுமா, கடைசியா ஒண்ணச் சொல்லுங்க, எனக்கு இடுப்பு நெசமாவே பிடிச்சிக்கிட்டு," என்றாள்.

வெள்ளிக்கிழமை ஆறரைக்குக் கலியம்மாள் கதவைத் திறந்தபோது அன்புக்கரசி வாசலில் நின்றாள். வீரம்மாளைத் தூக்கினாள், படிக்கு மேலே வைத்தாள், கஞ்சிக் கும்பா கையில் இருக்கிறதா என்று பார்த்தாள், திரும்பினாள். அசோக்குமார் வாட்சிலிருந்து தலையைத் தூக்குவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

"பதினொரு செகண்டுங்க அக்கா," என்றார் அவர், நம்பாமல்.

"நான் சொன்னது அத்தனையும் பொய்யிங்க," என்றாள் அன்புக்கரசி. "முன்ன அஞ்சு மணி நேரம். இப்ப ஒம்பதரை. அந்த சைபர அடிச்சிட்டு நாலரை கூட போட்டுக்குங்க. மத்தவங்களும் எட்டு மணிக்கு வந்து சொல்லுவாங்க."

அசோக்குமார் பேனாவை எடுத்தார், பிறகு மூடினார். "புதன்கிழமை இல்லைன்னீங்க, இன்னைக்கு இருக்குன்னு சொல்றீங்க. நாளைக்கு மேல இருந்து யாராவது கேட்டா நான் எதைக் காட்டுவேன்? பதினாலு தாள்ல அடிச்சு எழுதினா நானே மாத்தினேன்னுதான் நினைப்பாங்க. எழுத்துல ஏதாவது வேணுங்க அக்கா."

"இருக்குது. கேட்டுல ரிஜிஸ்டரு. வர்ற நேரம் போற நேரம் நாள் தவறாம இருக்கும்."

"சரிங்க, பத்து மணிக்கு வந்து பார்க்கிறேன்."

"பத்து மணிக்கு நான் உள்ள இருப்பேன், வெளிய வுடமாட்டாங்க. இப்ப வாங்க. ஏழேகாலுக்குள்ள நான் அங்க நிக்கணும், இல்லன்னா நீங்க எயுதறதுக்கு ஒண்ணும் இருக்காது."

டீச்சர் ஸ்கூட்டி சாவியை அவர் கையில் திணித்தார். அன்புக்கரசி சைக்கிளை மிதித்தாள். யூகலிப்டஸ் மரங்களுக்கு நடுவே போகிற ரோட்டில், காலை ஷிப்டுக்கு ஆட்களை இறக்கிவிட்டுத் திரும்புகிற பஸ்களுக்கு இடையில் அவள் நுழைந்து நுழைந்து போனாள். மெட்ராஸில் ஓட்டிப் பழகியவர் என்று பெயர். ஆனாலும் அசோக்குமார் இரண்டு ரவுண்டானாவிலும் அவளைத் தவறவிட்டார். கேன்டீன் கேட்டில் அவள் கையெழுத்துப் போட்டபோது மணி ஆறு ஐம்பத்தாறு. அவர் வந்து ஸ்கூட்டியை நிறுத்தியபோது ஏழு மணிச் சங்கு ஊதியது.

கேட்டுக்கு உள்ளே அவள், வெளியே அவர். இடையில் கம்பி. தங்கராசு நாற்காலியில் நிமிர்ந்தார்.

"பாஸ் இல்லாம யாரும் உள்ள வர முடியாது. ரிஜிஸ்டர் வெளிய போவ முடியாது."

"பார்த்தா போதுங்க ஐயா."

"பாக்கலாம். பாக்கக் கூடாதுன்னு ரூல் கிடையாது." தங்கராசு யோசித்தார். ரிஜிஸ்டர் மேஜையோடு கட்டியிருக்கிறது. மேஜை எதோடும் கட்டியில்லை. அவரும் அன்புக்கரசியும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து மேஜையைத் தூக்கிக் கேட்டோரம் கொண்டுவந்து வைத்தார்கள். தங்கராசு பக்கத்தைப் புரட்டி விரல் வைத்துக் காட்ட, அசோக்குமார் கம்பிக்கு வெளியே கழுத்தை வளைத்துப் படித்து எழுதினார். நவம்பர், டிசம்பர்: ஒன்பது முப்பது, இரண்டு முப்பது. ஜனவரி ஆறாம் தேதியிலிருந்து: ஏழு, நாலு முப்பது. ஏழு, நாலு முப்பது. பக்கம் பக்கமாக அப்படியே போயிற்று.

"இந்த மூணு நாள் மட்டும் ஏழு இருபத்திரண்டு, இருபத்தாறு, முப்பத்தொண்ணுன்னு இருக்குங்களே?"

"அந்த மூணு நாளு நீங்க மரத்தடியில ஒக்காந்து வாட்ச்ச பாத்துக்கினு இருந்தீங்க," என்றாள் அன்புக்கரசி.

அவர் தன் தாளைப் புரட்டிப் பார்த்தார். அவள் பால்வாடியில் நொண்டிய நிமிஷங்களும் கேட்டில் தவறிய நிமிஷங்களும் பக்கத்துப் பக்கத்தில் சரியாகப் பொருந்தின. எதற்காக இப்படிச் செய்தார்கள் என்று கேட்டார். அவள் வெங்காயக் கூடையைப் பற்றிச் சொன்னாள். அசோக்குமார் மெதுவாக வாட்சைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

கொஞ்சம் முன்னால் கழற்றியிருக்கலாம். ஏனென்றால் அதற்குள் தனகோட்டி பட்டியல் காகிதத்தோடு சமையல்கட்டிலிருந்து வெளியே வந்து, தூரத்திலிருந்தே எல்லாவற்றையும் பார்த்துவிட்டார். கேட்டில் ஒரு புது ஆள். பெரிய வாட்ச். அட்டை, தாள். தன்னுடைய ரிஜிஸ்டரை நாள் நாளாக எழுதி எடுக்கிறார். தனகோட்டியின் நடை பாதியில் மாறியது. வரும்போதே கும்பிட்டுக்கொண்டு வந்தார்.

"வணக்கம் சார். சொல்லாம வந்துட்டீங்களே. டீ சொல்லட்டுமா?"

"வேண்டாங்க. இந்த அக்கா இங்க முழு நேரம் வேலை பார்க்கிறாங்களான்னு தெரிஞ்சுக்கணும், அவ்வளவுதான்."

"முழு நேரந்தான் சார். இது இல்லன்னா மத்தியான சாப்பாடே கெடையாது. காய்கறி செக்சனே இந்தப் பொண்ண வெச்சிதான் ஓடுது. கொறைக்கறதுக்கு இங்க ஆளே இல்ல சார், இன்னும் ரெண்டு ஆளு கேட்டுக்கினு இருக்கோம்."

அசோக்குமார் சந்தோஷமாக எழுத ஆரம்பித்தார். அவர் எழுத எழுத தனகோட்டிக்கு வேர்த்தது. வேர்க்க வேர்க்கச் சொன்னார். "பால்வாடி நேரத்தால ஆறு மாசமா ஒழுங்கா வருதுங்க சார். இதோ பாருங்க, கேட் பாஸ் லிஸ்ட்டு. மொத பேரே இதுதான்."

அன்புக்கரசி எட்டிப் பார்த்தாள். பதினோராவதாக இருந்த அவள் பெயருக்கு நேரே முன்பே பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தது. தனகோட்டி பேசிக்கொண்டே அதைக் கட்டைவிரலால் தேய்த்து அழித்துக்கொண்டிருந்தார். அசோக்குமார் யார் என்று அவள் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் அவரை யாரும் கேட்கவில்லை, அவளையும் யாரும் கேட்கவில்லை.

"கடைசியா ஒரு கேள்வி இருக்குங்க அக்கா," என்றார் அசோக்குமார். "இன்னும் நேரம் நீட்டி ராத்திரி எட்டு மணி வரைக்கும் தொறந்து வெச்சா, வேலை நேரத்தை இன்னும் கூட்டுவீங்களா?"

தனகோட்டி ஆவலோடு அவளைப் பார்த்தார். அன்புக்கரசி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"வேண்டாங்க. அஞ்சரை போதும். அதுக்கு மேல பாப்பா எங்கூட சண்ட போடணும், நான் அவளோட சண்ட போடணும். எங்களுக்கு வேற நேரம் இல்ல."

அதை எந்தக் கட்டத்தில் போடுவது என்று அவர் தாளில் தேடிக்கொண்டிருந்தபோதே அவள் உள்ளே போய்விட்டாள். பூசணிக்காய் காத்திருந்தது.

அன்று பகல் முழுக்க அசோக்குமார் பட்டபாடு தனி. பிரபாவதி தான் வேலை பார்க்கிற மூன்று வீட்டு அம்மாக்களையும் பால்வாடிக்கே கூட்டிவந்து நிறுத்தினாள். இசக்கியம்மாள் ஆள் வருகை எழுதுகிற மேஸ்திரியின் மஸ்டர் நோட்டைச் சேலைக்குள் மறைத்துக் கொண்டுவந்து, படித்து முடித்ததும் மறைத்தே கொண்டுபோனாள். பதினாலு சைபரும் சாயங்காலத்துக்குள் அடிபட்டு, பக்கத்தில் சாட்சியோடு புது எண்கள் ஏறின. இரும்புச்சத்து மாத்திரைச் சிபாரிசை மட்டும் அவர் அடிக்கவில்லை. இருந்தால் நல்லதுதானே என்றாராம்.

ஜூலை மாதம் இருபத்தொன்றாம் தேதி ஆர்டர் வந்தது. ஆறரை முதல் ஐந்தரை வரை, மேலும் ஒரு வருஷத்துக்கு. அதற்கு நான்கு நாள் முன்னதாகவே கேட் பாஸ் வந்துவிட்டது.

அடுத்த வாரம் இனியனுக்குக் காலை ஷிப்ட். இரண்டு மணிக்கு முடிந்துவிடும். நாலரை வரை வேலை பார்த்துவிட்டு நானே போய்ப் பிள்ளையையும் அழைத்துவர வேண்டுமா, இந்த வாரம் நீ போ என்று அன்புக்கரசி சொல்லியிருந்தாள். அவனும் ஒத்துக்கொண்டிருந்தான். ஆனால் அவள் வேலை முடிந்து ஐந்து மணிக்கு அந்த வழியாக வந்தபோது, அவன் பால்வாடி வாசலில், பிள்ளைகள் உட்காருகிற சின்ன நாற்காலியில், முழங்கால் நெஞ்சைத் தொட உட்கார்ந்திருந்தான்.

"எப்ப வந்த?"

"மூணு மணிக்கி."

"புள்ள எங்க?"

"வரமாட்டேங்குது. அஞ்சரைக்கிதான் மூடுவாங்களாம், ஆயா சுண்டல் வெக்கிதாம். சீக்கிரம் வந்தா வெளிய ஒக்காருன்னு சொல்லி நாற்காலிய குடுத்துட்டு கதவ சாத்திக்கினு போயிடுச்சி."

உள்ளே வீரம்மாளின் குரல் கேட்டது. யாரையோ வரிசையில் நிற்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். அன்புக்கரசி சைக்கிளை மரத்தில் சாய்த்துவிட்டு, கதவைத் தட்டப் போனாள். தட்டாமல் திரும்பி வந்து படியில் உட்கார்ந்தாள். இன்னும் இருபத்தைந்து நிமிஷம் இருந்தது.

"தட்டலயா?" என்றான் இனியன்.

"சுண்டலு வெந்துடட்டும்," என்றாள் அன்புக்கரசி. "நமக்கும் குடுப்பாங்களான்னு கேளு."